சந்நியாசியும் சாதியும்: தத்துவ போதகர் பற்றி ஒரு மறுமதிப்பீடு

ஐரோப்பியரின் தமிழ்த்தொண்டு என்னும் பொருளில் நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகளுக்கு மாறாத அமைப்பொன்று உண்டு. பிறந்த ஊர், குடிச்சிறப்பு, கப்பலேறிய ஆண்டு, கற்ற மொழிகள், இயற்றிய நூல்களின் பட்டியல், மறைந்த நாள் என்பன முறையே கூறப்படும். ஈற்றில், தமிழ் அன்னை இப்பெரியாருக்கு என்றென்றும் கடமைப்பட்டுள்ளாள் என்ற வாக்கியத்துடன் கட்டுரை நிறைவுறும். இவ்வமைப்பினுள் ஒருவரைப் போற்றலாம். அவரை விளங்கிக்கொள்ள முடியாது. தத்துவ போதகர் எனத் தமிழர் அறிந்த றொபேட்டோ டி நொபிலி (1577-1656) இத்தகைய போற்றுதலுக்குப் பெரிதும் ஆளானவர். அவரைப் பற்றி நாம் கேட்காது விட்ட கேள்வி ஒன்றை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவரைப் பற்றிய கருத்துகள் இரு முகாம்களாகப் பிரிந்து நிற்கின்றன. ஒரு சாரார், அவர் தமிழருக்குத் தமிழரானவர். காவியுடுத்து, மரக்கறி உண்டு, நம் பண்பாட்டுக்கு மதிப்பளித்த முதல் ஐரோப்பியர் என்பர். மற்றைச் சாரார், அவர் வேடதாரி. பூணூலணிந்து பிராமணரை ஏமாற்றியவர். பொய் வேதம் புனைந்தவர் என்பர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினும், ஓர் எடுகோளில் இருவரும் உடன்படுகின்றனர். பிராமணரின் வாழ்முறையே தமிழரின் பண்பாடு என்பதே அவ்வெடுகோள். முன்னவர் அப்பண்பாட்டை நொபிலி மதித்தார் என மகிழ்கின்றனர். பின்னவர் அதை அவர் திருடினார் எனச் சினக்கின்றனர். இவ்வெடுகோளே பரிசீலனைக்குரியது.

முதலில் நீதியின்பொருட்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பொய் வேதம் புனைந்தார் என்ற குற்றச்சாட்டு ஆதாரமற்றது. ‘எசூர் வேதம்’ என்ற பிரெஞ்சு நூலைத் தொன்மையான இந்திய நூலெனக் கருதி, 1761ஆம் ஆண்டில் வோல்தேர் பிரெஞ்சு அரச நூலகத்துக்கு அளித்தார். அந்நூலின் ஆசிரியர் நொபிலியே என்ற கருத்தை 1822இல் எல்லிஸ் என்ற ஆங்கில அறிஞர் வெளியிட்டார். பிற்கால ஆய்வுகள், சிறப்பாக 1984இல் வெளிவந்த லூடோ றோஷரின் விரிவான ஆய்வு, அது பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்றும் நொபிலிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் நிறுவியுள்ளன. மேடைகளில் இன்றும் இப்பழியைச் சுமத்துவோர் இதனை அறிதல் நன்று. நொபிலியைக் குறைகூறப் பொய் தேவையில்லை.

இனி அவர் வாழ்வை நோக்குவோம். நொபிலி உயர்குடியில் தோன்றியவர். தந்தையார் பாப்பரசின் படையில் உயர்பதவி வகித்த பிரபு. பாப்பரசர் மூன்றாம் ஜூலியஸ், கர்தினால் பெல்லார்மின் ஆகியோருடன் உறவு பாராட்டிய குடும்பம் அது. குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி இளமையிலேயே அவர் யேசு சபையிற் சேர்ந்தார். 1604இல் லிஸ்பனிற் கப்பலேறி, 1605இல் கோவாவை அடைந்தார். 1606 நவம்பரில், நாயக்கர் ஆண்ட மதுரைக்கு வந்தார். செல்வத்தையும் பட்டத்தையும் துறந்து, அறியாத நாட்டில் ஐம்பது ஆண்டுகள் உழைத்து, பார்வை மங்கிய முதுமையிலும் எழுத்துப்பணியைக் கைவிடாது, மயிலாப்பூரில் 1656 ஜனவரி 16ஆம் நாள் உயிர்நீத்த அம்மனிதரின் நெஞ்சுரத்தை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. ஆயின் அவர் துறந்தவை எவை, துறவாதவை எவை என்பதே இங்கு நமக்குரிய வினா.

மதுரையில் அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போத்துக்கேயத் துறவி பணியாற்றி வந்தார். முன்னாட் படைவீரரான அவர், 1595 முதல் அங்கு வந்து செல்லும் பரதவக் கிறிஸ்தவருக்கும் போத்துக்கேயருக்கும் குருவாக இருந்தார். மதுரை நகரத்து மக்களிடையே அவரது பணி பலன் தரவில்லை. அதன் காரணத்தை நொபிலி விரைவிலே கண்டுகொண்டார். கிறிஸ்தவராதல் என்பது அன்று மக்கள் கண்ணிற் பறங்கியராதல் என்றே பொருள்பட்டது. மதம் மாற விரும்புவோரிடம், பறங்கிக் குலத்திற் சேர விருப்பமா என மறைபோதகரே கேட்கும் வழக்கமும் இருந்தது. ஈழத்திற் பறங்கியர் என்ற சொல் ஒரு சமூகத்தாரின் பெயராகவே வழங்குவதை நாம் அறிவோம். பதினேழாம் நூற்றாண்டு மதுரையிலோ அது மாட்டிறைச்சி உண்போன், மது அருந்துவோன், தாழ்த்தப்பட்டாருடன் கலந்து பழகுவோன் என்ற இகழ்ச்சிப் பொருள்களை ஒருங்கே சுமந்து நின்றது.

கிறிஸ்தவம் வேறு, போத்துக்கேயம் வேறு என்று நொபிலி துணிந்தார். குடியேற்ற ஆதிக்கம் சிலுவையையும் வாளையும் ஒரே கையில் ஏந்தி வந்த காலத்தில் அத்துணிவு பெரிது. அதன் பெருமை முழுவதும் அவருக்கே உரியது. ஆயின், பறங்கி என்ற சொல்லில் அடங்கியிருந்த மூன்றாவது இகழ்ச்சியை அவர் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதைக் கவனித்தல் வேண்டும். தாழ்த்தப்பட்டாருடன் பழகுவதில் இழிவில்லை என்று அவர் வாதிடவில்லை. தாம் அவ்வாறு பழகுவோர் அல்லர் என்றே மெய்ப்பித்துக் காட்ட முற்பட்டார். பெர்னாண்டஸின் இல்லத்தைவிட்டு நீங்கிப் பிராமணர் வாழும் பகுதியிற் குடிபுகுந்தார். பிராமணச் சமையற்காரரை அமர்த்தினார். தம் வழிவந்தோருக்குத் தனிக்கோவில் அமைத்தார். 1611இல் தாம் வெளியிட்ட அறிக்கையில், தாம் பறங்கியர் அல்லர் என்றும், உரோமாபுரியில் உயர்குலத்திற் பிறந்தவர் என்றும் மதுரை மக்களுக்கு அறிவித்தார். உரோமாபுரியில் துறந்த குலப்பெருமை மதுரையில் மறைபோதனையின் முதலீடாயிற்று.

இது வெறும் உபாயமென்றும், மனிதரை அணுகும் வாயில் மட்டுமே என்றும் அவரை ஆதரிப்போர் கூறுவர். அவருடைய எழுத்துகள் அதற்கு இடந்தரவில்லை. பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையிட்டதை அடுத்து எழுந்த விவாதத்தில், நொபிலி 1613இல் இந்தியரின் வழக்கங்களைப் பற்றி இலத்தீனில் ஒரு விளக்கநூல் எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, சமூகச் சின்னங்களா என்பதே விவாதப்பொருள். அவை சமூகச் சின்னங்களே என நொபிலி சாதித்தார். பிராமணர் கோவிற் பூசகர் என்போரைவிடக் கற்றோர் குழாம் என்றே கொள்ளத்தக்கவர். ஐரோப்பாவில் உயர்குடியினர் தம் நிலையைக் காட்டும் அடையாளங்களை அணிவதுபோன்றே இவர்களும் அணிகின்றனர் என்பது அவர் வாதம். இதற்கு அவர் பெரிதும் துணைக்கொண்டது மனுநூல். வருணப் பாகுபாட்டுக்குத் தெய்விகத் தோற்றம் கற்பித்து, அதைப் பேணுதலே தர்மம் என விதிக்கும் அந்நூலை அவர் குடியியற் சட்டநூலாக வாசித்தார்.

நொபிலியின் சிந்தனையின் மையம் இதுவே. சமயம் ஒருபுறம், சமூக வழக்கு மறுபுறம் என அவர் ஒரு கோடு கீறினார். விக்கிரக வணக்கம், மறுபிறப்பு முதலியன கோட்டின் இப்பக்கம். அவற்றை அவர் விட்டுக்கொடுப்பின்றிக் கண்டித்தார். ‘புனர்ஜென்ம ஆக்ஷேபம்’ என்ற அவரது நூற்பெயரே அதற்குச் சான்று. சாதியோ கோட்டின் அப்பக்கம், அதைத் தொடவேண்டியதில்லை. ஈண்டு ஒரு முரண்பாடு நம் கவனத்துக்குரியது. பிறப்பால் அமையும் தாழ்வுக்குக் கருமமும் மறுபிறப்புமே தத்துவ நியாயம் கற்பித்தன. அந்நியாயத்தை நொபிலி தர்க்கத்தால் உடைத்தார்; அதன்மீது எழுந்து நின்ற கட்டடத்தையோ அப்படியே விட்டுவைத்தார். அத்திவாரம் பொய் என்றவர், மாளிகையிற் குடியிருக்கத் தடையில்லை என்றார். உயர்குடியிற் பிறந்து, மக்கட் சமூகம் படிநிலையாய் அமைவது இயற்கை என நம்பிய ஐரோப்பிய நிலமானியப் பிரபுவின் கண்களுக்கு, மதுரையின் படிநிலை அந்நியமாகத் தோன்றவில்லை. இருநாட்டு மேன்மக்களும் ஒருவரையொருவர் அடையாளங்கண்டுகொண்ட நிகழ்வையே நாம் பண்பாட்டுச் சந்திப்பு எனப் புகழ்ந்து வருகின்றோம்.

மொழித்துறையிலும் இதே உண்மை புலனாகின்றது. நொபிலியைத் தமிழ் உரைநடையின் தந்தை என அழைக்கும் வழக்கம் உண்டு. இப்பட்டம் வரலாற்றுக்குப் பொருந்தாது. இறையனார் களவியலுரை தொடங்கி இளம்பூரணர், பேராசிரியர், நச்சினார்க்கினியர் ஈறாக வளர்ந்த உரைமரபு அவருக்குப் பன்னூறாண்டு முந்தியது. அச்சேறிய தமிழ் உரைநடையைக் கருதினும், ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இற் கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. அவ்வாண்டில் நொபிலி ஒரு வயதுக் குழந்தை. செய்யுளொன்றுக்கு உரையாக அமையாது, தனித்து நின்று, வாதமும் எதிர்வாதமுமாகத் தத்துவப் பொருளை நெடிது விரித்துரைக்கும் உரைநடையை அவர் வளர்த்தார் என்பதே சரியான கணிப்பு. ‘ஞானோபதேச காண்டம்’, ‘ஆத்தும நிருணயம்’, ‘தூஷண திக்காரம்’ ஆகியன அதற்குச் சான்றுகள். இது சிறிய சாதனையன்று.

அவ்வுரைநடை எவருடைய தமிழ் என்பது அடுத்த கேள்வி. நொபிலி போத்துக்கேயச் சொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை வழங்கினார் எனப் பலர் எழுதியுள்ளனர். கோவில் என்ற சொல்லைக் கிறிஸ்தவ வழக்கில் அவர் நிலைபெறச் செய்தார் என்பது உண்மையே. ஆயினும் சர்வேசுரன், ஆத்துமம், நிருணயம், தூஷணம், திக்காரம் என அவரது சொற்றொகுதியைத் தொடர்ந்து நோக்குமிடத்து, போத்துக்கேயம் நீங்கிய இடத்தில் வடமொழியே பெரும்பாலும் அமர்ந்தது என்பது தெளிவாகும். ஹென்றீக்கஸ் முத்துக்குளித்துறைப் பரதவருக்காக எழுதினார். அவர் நூற்றலைப்பில் நிற்பது ‘தம்பிரான்’ என்ற தமிழ்ச்சொல். நொபிலி மதுரைப் பண்டிதரை நோக்கி எழுதினார். அவர் கடவுள் ‘சர்வேசுரன்’ ஆனார். கடலோரத்து மக்களின் வழக்கில் ஒலித்த சமயம், அக்கிரகாரத்தின் வாசலுக்கு வந்ததும் ஆடை மாற்றிக்கொண்டது. சொல்லாட்சியும் சமூகச் சார்பை உணர்த்தும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அக்காலத்தில் வேறு வழி இருந்ததா என்று கேட்பர். நூற்றாண்டுகள் கடந்தபின் ஒரு மனிதரை நம் அளவுகோலால் அளப்பது முறையன்று என்றும் கூறுவர். இவ்வெதிர்வாதத்தில் நியாயமுண்டு. பெர்னாண்டஸ் நொபிலியை எதிர்த்தது சமத்துவத்தின் பெயரால் அன்று. போத்துக்கேய வழக்கின் பெயரால் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனவே நம் அளவுகோலை விட்டு, அவர் காலத்து அளவுகோலையே எடுப்போம். 1619இல் கோவாவிற் கூடிய மாநாட்டிலும் அதன் பின்னரும் நீடித்த விவாதத்தை 1623 ஜனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் முடித்துவைத்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை நிபந்தனைகளுடன் அனுமதித்த அச்சாசனம், அத்துடன் நிற்கவில்லை. குலப்பெருமை பாராட்டுவோர் எளியோரை இகழலாகாது என்றும், சிறப்பாகக் கோவிலிலும் திருவருட்சாதனங்களைப் பெறுமிடத்தும் அவர்களை ஒதுக்கலாகாது என்றும் அது மன்றாடிக் கேட்டது. ஆகவே தீங்கு எங்கே உள்ளது என்பதை அக்காலமே அறிந்திருந்தது. சாசனத்தின் முற்பகுதி வெற்றியெனக் கொண்டாடப்பட்டது, பிற்பகுதி மறக்கப்பட்டது. இன்றும் நம் கட்டுரைகள் முற்பகுதியை மட்டுமே எடுத்துரைக்கின்றன.

அதன் விளைவுகள் வரலாற்றில் உள்ளன. தாழ்த்தப்பட்ட மக்கள் மறைக்கல்வி நாடி வந்தபோது, பிராமண சந்நியாசிக் கோலத்தில் இருந்தோர் அவர்களுடன் வெளிப்படையாகப் பழக இயலவில்லை. எனவே 1640இல் பண்டாரசுவாமிகள் என்ற வேறொரு குருமார் வகுப்பு தோற்றுவிக்கப்பட்டது. பல்த்தசார் டா கொஸ்தா அதில் முதல்வர். போத்துக்கேயப் பிரபுகுலத்திற் பிறந்து, 1693இல் ஓரியூரிற் கொல்லப்பட்ட அருளானந்தர் எனப்படும் ஜோன் டி பிறிட்டோவும் பண்டாரக் கோலத்திலேயே உழைத்தார். எளியோரை அடைய வழிகண்ட அவர்களின் உழைப்பு மெச்சத்தக்கதே. எனினும் ஒரே நற்செய்தியை அறிவிக்க இரு வகைக் குருமார் தேவைப்பட்டனர் என்ற செய்தி, சாதி கோவில் வாசலிற் களையப்படாது பீடம்வரை சென்றுவிட்டதைக் காட்டுகின்றது.

பாப்பரசின் தூதுவராக வந்த டி தூர்னோன் 1704இற் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணையில், நோயுற்ற பறையர் வகுப்பினரின் வீடுகளுக்குக் குருமார் நேரிற் சென்று ஆன்ம உதவி வழங்கல் வேண்டும் எனப் பணித்தார். யேசு சபையினர் அதனை நிறைவேற்ற இயலாதென்றனர்; அவ்வீடுகளுட் புகுந்த குருவை உயர்சாதியார் பின்னர் ஏற்கமாட்டார் என்பது அவர்கள் கூறிய காரணம். நாற்பது ஆண்டுகள் வழக்குத் தொடர்ந்தது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ற், அம்மக்களுக்கெனத் தனிக் குருமாரை நியமிக்கும் ஏற்பாட்டை ஏற்று விவாதத்தை முடித்தார். மரணப்படுக்கையிற் கிடக்கும் ஒரு மனிதரின் குடிசைக்குள் குரு நுழையலாமா என்பது நாற்பதாண்டு விவாதத்துக்குரிய பொருளாயிற்று. சாதி சமயத்தைச் சாராத சமூக வழக்கு என்ற நொபிலியின் கோடு சென்று முடிந்த இடம் அதுவே. திருநெல்வேலிப் பகுதியில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவில், சாதிக்கொரு பக்கமாக இரு பிரிவுகளுடன் கட்டப்பட்டது. நடுவில் நின்ற தடுப்பு 1910இலேயே அகற்றப்பட்டது. கோடு சுவராயிற்று என்பதற்கு இதுவே கண்கூடான சான்று.

இவற்றைப் படிக்கும் சைவ நண்பர் எவரேனும் மகிழ்வாராயின், அவரிடமும் சில கூறவேண்டியுள்ளது. நாவலர் பெருமான் அச்சு, பிரசங்கம், வினாவிடை ஆகிய மிஷனரிமாரின் கருவிகளைக் கைக்கொண்டு அவர்களையே எதிர்த்தார். தமிழ் உரைநடையின் தந்தை என்ற பட்டம் அவருக்கும் சூட்டப்படுவதுண்டு. அவரும் சாதி ஆசாரத்தைச் சமய ஒழுக்கத்தின் கூறாகவே போதித்தார். நொபிலி சாதியைச் சமயத்துக்குப் புறம்பானது என்று கூறிக் காத்தார். நாவலர் சமயத்துக்கு உட்பட்டது என்று கூறிக் காத்தார். வாதங்கள் எதிரெதிர்; முடிவு ஒன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் வழிபடச் சென்ற மக்கள் தடுக்கப்பட்டனர். அவர்களைத் தடுத்தவர்கள் பறங்கியர் அல்லர்.

நொபிலிக்கும் நம் மண்ணுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. 1640களில் மதுரையைவிட்டு நீங்கிய பின், தம் முதுமையிற் சிறிது காலம் அவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். 1619 முதல் போத்துக்கேயர் ஆண்ட பட்டினம் அது. பறங்கியர் அல்லர் என வாழ்நாள் முழுதும் நிறுவ முயன்றவர், பறங்கியரின் ஆட்சியிலே இறுதிக்காலத்தில் ஒரு பகுதியைக் கழித்தமை வரலாற்றின் வேடிக்கை. அவர் மறைந்து இரண்டாண்டுகளில், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்கத்தைத் தடைசெய்தனர். அத்தடையினுள் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தவர் யோசேவ்வாஸ் அடிகளார். கோவாவைச் சேர்ந்த அவர் கொங்கணிப் பிராமணக் குடும்பத்திற் பிறந்தவர். நொபிலி கடும் முயற்சியால் அணிந்த உயர்வு அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருந்தது. அவரோ ஏழைப் பிச்சைக்காரரின் கோலத்தில் வீடுவீடாகச் சென்றார்; 1697இற் கண்டியில் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளரைத் தம் கையாற் பேணினார். இருவரின் சூழலும் ஒன்றன்று. வாஸ் அடிகள் முதலில் நாடி வந்தது ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்தோரை. அவரும் சாதியமைப்பை எதிர்த்துப் போராடியவர் அல்லர். எனினும் உயர்பிறப்பினர் ஒருவர் தம் உயர்வைக் காட்டாமலும் மறைபரப்பலாம் என்பதை அவர் வாழ்வு மெய்ப்பித்தது. வேறு வழியில்லை என்போர் யாழ்ப்பாணத்துத் தெருக்களை நினைத்தல் வேண்டும்.

ஆகவே நாம் செய்யவேண்டுவது யாது? நொபிலியின் நூல்களைப் புறக்கணித்தல் அன்று, அவற்றைக் கற்றலே. தத்துவ போதகரின் தமிழைப் பட்டியலில் மட்டும் அறிந்து, பட்டங்கள் சூட்டுவதில் நிறைவு காண்பது பல்கலைக்கழகத்துக்கு அழகன்று. அவர் சொற்களின் வேர்களையும், அவர் வாதங்களின் சமூகப் பகைப்புலத்தையும் மாணவர் ஆராய்தல் வேண்டும். அவர் மதித்த பண்பாடு தமிழரின் பண்பாடு முழுவதும் அன்று. தமிழ்ச் சமூகத்தின் ஒரு தட்டினரின் வாழ்முறை. நம் மரபிலேயே சாதியைச் சாடிய சித்தர் குரல் இருந்தது. அக்குரலை அவர் துணைக்கொள்ளவில்லை; அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் முதலியோரின் உலகிலேயே அவர் நம்மைத் தேடினார்.

கிறிஸ்தவத்தைத் தமிழ்மயமாக்குவோரும், சைவத்தை மீட்டெடுப்போரும், தமிழ்ப் பண்பாட்டை ஆராய்வோரும் இன்றும் அதே இடத்திலேயே அதைத் தேடுகின்றனர். பண்பாட்டை மதிக்கிறோம் என எவர் கூறினும், எவருடைய பண்பாட்டை என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. நொபிலி மதுரையில் ஒரு கதவைத் திறந்தார், அது உண்மை. அக்கதவின் வழியே உள்ளே சென்றவரின் பெயர்களை நாம் மனனம் செய்துவிட்டோம். வெளியே நிறுத்தப்பட்டவரின் வரலாற்றை இனியேனும் எழுதத் தொடங்குவோம்.